தவறு யாருடையது?

(கணினி மன்ற மாணவியரின் பாடக் கட்டுரை)

முன்னுரை

தையல் வகுப்பில் நாம் தைத்த சட்டையைப் பிறர் அணிந்து பார்க்கும்போதுதான் அது எங்கே இறுக்குகிறது என்பது தெரிகிறது. வீட்டில் நாம் வைத்த குழம்பைப் பிறர் உண்ணும்போதுதான் உப்பின் அளவு விளங்குகிறது. செய்தவளின் கண்ணுக்கும் நாவுக்கும் தன் கைப்பொருள் எப்போதும் நன்றாகவே தோன்றும். கணினியில் ஆடும் விளையாட்டுக்கும் இதே விதி பொருந்தும் என்பதை இவ்வாண்டு நாங்கள் அனுபவத்தில் கண்டோம்.

எங்கள் மன்றத்தைச் சேர்ந்த ஐவர் இரண்டே நாட்களில் ஒரு சிறு விளையாட்டை ஆக்கினோம். அதைப் பற்றிப் பெருமை பேசுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அதை ஆடிப் பார்த்த ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்தி எங்களுக்குக் கற்பித்த பாடத்தையும், அப்பாடத்தை விளங்கிக்கொள்ள நாங்கள் படித்தறிந்த செய்திகளையும் பகிர்ந்துகொள்வதே நோக்கம். பெற்றோருக்கும் அருட்சகோதரியருக்கும் கணினிச் சொற்கள் சில புதியனவாக இருக்கலாம். ஆகவே ஒவ்வொன்றையும் விளக்கிச் செல்கிறோம்.

கேம் ஜாம் என்பது யாது?

ஜாம் என்றதும் ரொட்டியில் தடவும் ஜாம் நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால் இந்த ஜாம் இசை உலகிலிருந்து வந்த சொல். ஒத்திகை ஏதுமின்றி இசைக் கலைஞர்கள் ஓரிடத்தில் கூடி, அந்நேரத்தில் மனத்தில் எழுவதை வாசித்து மகிழ்வதை மேல்நாட்டில் ஜாம் என்பர். அதுபோல, விளையாட்டு ஆக்குவோர் ஒன்றுகூடி, குறித்த சில நாட்களுக்குள் ஒரு விளையாட்டைத் தொடக்கம் முதல் இறுதி வரை செய்து முடிப்பதே கேம் ஜாம். பெரும்பாலும் தலைப்பு தொடங்கும் நேரத்தில்தான் அறிவிக்கப்படும்.

2002ஆம் ஆண்டு அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்து ஓக்லண்ட் நகரில், கிறிஸ் ஹெக்கர், ஷான் பாரெட் என்னும் இருவர் நடத்திய 'இண்டி கேம் ஜாம்' இவ்வகையில் முன்னோடி எனலாம். அதே ஆண்டில் 'லூடும் டாரே' என்னும் போட்டியும் தோன்றியது. அது இலத்தீன் பெயர். 'விளையாட்டைத் தருதல்' என்பது அதன் பொருள். 2009 ஜனவரியில் 'குளோபல் கேம் ஜாம்' முதன்முதலாக 23 நாடுகளில் 53 இடங்களில் ஒரே வார இறுதியில் நடந்தது. அங்கே கொடுக்கப்பட்ட நேரம் 48 மணி.

இவ்வளவு குறைந்த நேரத்தில் என்ன செய்துவிட முடியும் என்று கேட்கத் தோன்றும். பின்லாந்து நாட்டவரான ஆர்வி டெய்க்காரி, 2017இல் நடந்த நோர்டிக் கேம் ஜாமில் 'பாபா இஸ் யூ' என்னும் புதிரை ஆக்கினார். சொற்களையே கட்டைகளாக்கி, அவற்றைத் தள்ளி வைத்து, விளையாட்டின் விதிகளை மாற்றும் புதிர் அது. அந்த ஜாமில் வெற்றி பெற்று, பின்னர் விரிவாக்கப்பட்டு, 2019இல் விற்பனைக்கு வந்தது. 2015இல் மேடி தோர்சன், நோயல் பெர்ரி ஆகிய இருவர் நான்கே நாட்களில் 'செலெஸ்ட்' என்னும் சிறு விளையாட்டைச் செய்தனர். மலையேறும் ஒரு பெண்ணின் கதை அது. 128க்கு 128 புள்ளிகளும் 16 நிறங்களும் மட்டுமே கொண்ட மிகச் சிறிய திரைக்காகச் செய்யப்பட்டது. அதுவே வளர்ந்து 2018 ஜனவரியில் முழு விளையாட்டாக வெளிவந்து, அவ்வாண்டுப் பரிசுகள் சிலவற்றைப் பெற்றது. இந்தச் செலெஸ்ட்தான் எங்களுக்கு ஆசானாக அமைந்தது. அதைப் பின்னர் காண்போம்.

இருவகை மறுமொழி

ஒரு வீட்டின் அழைப்பு மணியை அழுத்துகிறோம். உள்ளே மணி ஒலிப்பது கேட்டால் நின்று காத்திருப்போம். கேட்கவில்லையெனில் மறுபடி அழுத்துவோம். பிறகு கதவைத் தட்டுவோம். பிறகு, 'நாம்தான் சரியாக அழுத்தவில்லை போலும்' என்று நம்மையே நொந்துகொள்வோம். மணி பழுதாகியிருக்கலாம் என்பது கடைசியில்தான் நினைவுக்கு வரும்.

டொனால்ட் நார்மன் என்னும் அறிஞர் அன்றாடப் பொருள்களின் வடிவமைப்பைப் பற்றி 1988இல் எழுதிய நூலில் இந்த மனப்போக்கை எடுத்துக்காட்டினார். தள்ளுவதா இழுப்பதா என்று தெரியாத கதவின் முன் தடுமாறும் மனிதர், கதவைக் குறை சொல்லாமல் தம்மைக் குறை சொல்லிக்கொள்கிறார். பிழை பல நேரங்களில் கதவைச் செய்தவருடையது என்பது நார்மனின் வாதம். செய்த செயலுக்குப் பொருள் உடனே பதில் சொல்ல வேண்டும் என்றும் அவர் வலியுறுத்தினார். இதற்கே மறுமொழி என்று பெயர்.

'உடனே' என்றால் எவ்வளவு நேரம்? 1968இல் இராபர்ட் மில்லர் என்பவர் கணினியின் பதில் நேரத்தைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். 1993இல் ஜேக்கப் நீல்சன் அதைத் தொகுத்து எளிய அளவுகளாகக் கூறினார். 0.1 நொடிக்குள் பதில் வந்தால், தானே அதைச் செய்ததாக மனிதன் உணர்கிறான். 1 நொடி வரை எண்ணவோட்டம் அறுபடாமல் இருக்கிறது. 10 நொடிக்கு மேலானால் கவனம் வேறெங்கோ சென்றுவிடுகிறது.

விளையாட்டில் மறுமொழி இரு வகை. விளையாட்டு ஆடுபவளுக்குச் சொல்லும் பதில் ஒன்று: விசையை அழுத்தினால் தாவுவது, பழத்தைத் தொட்டால் ஒலிப்பது, விழுந்தால் திரை அதிர்வது. ஆடுபவள் ஆக்கியவளுக்குச் சொல்லும் பதில் மற்றொன்று: அவள் சிரிப்பது, முகம் சுளிப்பது, 'புரியவில்லை' என்பது, எழுந்து போய்விடுவது. முதல் வகையில் குறை இருந்தால் அதைக் காட்டிக் கொடுப்பது இரண்டாம் வகையே. அதைக் கேட்கக் காது வேண்டும், அதுதான் கடினம்.

எங்கள் அணில்

அரையாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை தொடங்குமுன் இருந்த இரண்டு நாட்களை எங்கள் கணினி ஆசிரியை இதற்கென ஒதுக்கித் தந்தார். முதல் நாள் காலை இறைவணக்கம் முடிந்ததும் சீட்டுக் குலுக்கியதில் 'தாண்டுதல்' என்ற தலைப்பு வந்தது. மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 2007இல் சிறுவர்க்கென வெளியிட்ட ஸ்கிராட்ச் என்னும் மென்பொருளைப் பயன்படுத்தினோம். அதில் கட்டளைகளைத் தட்டச்சுச் செய்ய வேண்டியதில்லை. கட்டங்களாக இருப்பவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோத்தால் போதும்.

எங்கள் விளையாட்டில் ஓர் அணில் கிளைக்குக் கிளை தாவிக் கொய்யாப் பழங்களைச் சேகரித்துக் கடைசி மரத்திலுள்ள கூட்டை அடைய வேண்டும். தவறி விழுந்தால் கீழே பூனை காத்திருக்கும். அம்பு விசைகளால் ஓடலாம். நீண்ட இடைவெளி விசையால் தாவலாம். நண்பகலுக்குள் முடித்துவிட்டோம். நாங்கள் ஐவரும் ஆடினோம். ஐவரும் கூட்டை அடைந்தோம். ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டோம்.

வாய் மூடிப் பார்த்தல்

பிற்பகலில் ஆசிரியை ஆறாம் வகுப்பிலிருந்து ஐந்து பேரையும் எட்டாம் வகுப்பிலிருந்து இருவரையும் அழைத்து வந்தார். எங்களுக்கு ஒரே ஒரு கட்டளை இட்டார்: தங்கைகள் ஆடும்போது நாங்கள் வாய் திறக்கக் கூடாது. சொல்லித்தரக் கூடாது, சிரிக்கக் கூடாது, 'இப்போது தாவு' என்று சைகை காட்டவும் கூடாது. பின்னால் அமர்ந்து குறிப்பேட்டில் எழுத வேண்டும். பக்கத்தை மூன்று பத்தியாகப் பிரித்து, அவள் செய்தது, அவள் சொன்னது, நாங்கள் எதிர்பார்த்தது என மூன்றையும் குறிக்க வேண்டும்.

இதன் காரணம் பின்னர்தான் விளங்கியது. நாங்கள் பக்கத்தில் நின்று விளக்கினால் விளையாட்டின் குறைகளை எங்கள் பேச்சு மறைத்துவிடும். நாளை அவள் வீட்டில் தனியே ஆடும்போது நாங்கள் உடன் இருக்கமாட்டோம் அல்லவா? பார்ப்பதற்கு ஆயிரம் பேர் தேவையில்லை. 2000ஆம் ஆண்டில் நீல்சன் எழுதிய ஒரு கட்டுரையில், ஐந்து பேரை அமைதியாகக் கவனித்தாலே ஏறத்தாழ 85 விழுக்காடு குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று கணக்கிட்டுக் காட்டினார். அது எல்லாப் பொருளுக்கும் பொருந்தும் உறுதியான எண் அன்று. ஆயினும், சிலரையாவது கவனித்துப் பார்ப்பது ஒருவரையும் பாராதிருப்பதினும் பன்மடங்கு மேல் என்பதில் ஐயமில்லை.

மௌனமாக இருப்பது எவ்வளவு கடினம் என்பதை அன்று அறிந்தோம். எழுவரில் அறுவர் மூன்றாம் கிளையில் விழுந்தனர். மறுபடி தொடங்கினர், மறுபடி விழுந்தனர். எங்களில் கட்டளைகளை எழுதியவளுக்கு உதடு துடித்தது.

"எனக்கு வராதுக்கா"

ஆறாம் வகுப்புத் தங்கைகளுள் மிகச் சிறியவள் ஒருத்தி, எட்டு முறை விழுந்தாள். "அக்கா, நான் அமுக்கினேன் அக்கா, அது தாவல" என்றாள். நாங்கள் பதில் சொல்லவில்லை. ஒன்பதாம் முறையும் விழுந்ததும் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். "எனக்கு இதெல்லாம் வராதுக்கா" என்று சொல்லிவிட்டு எழுந்து கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

அவர்கள் சென்றபின் எங்களுக்குள் வாக்குவாதம் எழுந்தது. "அவள் தாமதமாக அழுத்துகிறாள். அணில் கிளையை விட்டு வெளியே வந்தபின் அழுத்தினால் எப்படித் தாவும்? நம் கட்டளை சரியாகத்தான் இருக்கிறது" என்று ஒரு சாரார். "அவள் சரியாக அழுத்தியதாகச் சொல்கிறாளே, பொய்யா சொல்வாள்?" என்று மறு சாரார். ஆசிரியை எப்பக்கமும் சேராமல், "அளந்து பாருங்கள்" என்று மட்டும் கூறினார்.

திரைப்படத்தைப் போலவே கணினியும் படங்களை அடுத்தடுத்துக் காட்டித்தான் அசைவை உண்டாக்குகிறது. ஸ்கிராட்ச் நொடிக்கு 30 படங்களைக் காட்டும். தாவும் விசையை அழுத்திய கணத்தில், அணில் கிளையை விட்டு எத்தனை படங்கள் கடந்துள்ளன என்னும் எண்ணைத் திரையின் ஓரத்தில் காட்டுமாறு செய்தோம். எட்டாம் வகுப்பு மாணவியர் இருவரையும் மீண்டும் அழைத்து ஆடச் சொன்னோம். விழுந்தபோதெல்லாம் தோன்றிய எண்கள் 1, 2, 2, 3, 1.

அதாவது அவர்கள் தாமதித்தது உண்மையே. ஆனால் பத்தில் ஒரு பங்கு நொடிக்கு மேல் இல்லை. எங்கள் அணில் ஒரு படத்துக்கு 5 புள்ளி நகரும். 3 படங்களில் 15 புள்ளி. 480 புள்ளி அகலமுள்ள திரையில் அதைக் கண் பிரித்தறிவதில்லை. எங்கள் கட்டளையும் பொய் சொல்லவில்லை. அந்தத் தங்கையும் பொய் சொல்லவில்லை. அவள் கண் கண்டபடி அணில் கிளையின் மேல்தான் நின்றது. எங்களுக்கு மட்டும் ஏன் விழவில்லை? காலை முழுவதும் ஆடி ஆடி, சற்று முன்னதாகவே அழுத்தும் பழக்கம் எங்கள் கைக்கு வந்துவிட்டது. அதை நாங்களே அறியவில்லை.

செலெஸ்ட் கற்றுத்தந்த பாடம்

இந்தச் சிக்கல் எங்களுக்கு மட்டும் உரியதன்று. மேல்நாட்டில் இதற்கு 'கயோட்டி நேரம்' என்று பெயரே வைத்திருக்கின்றனர். 'ரோட் ரன்னர்' கேலிச்சித்திரப் படங்களில் வரும் கயோட்டி என்னும் நரி போன்ற விலங்கு, மலை விளிம்பைத் தாண்டி ஓடியபின்னும் கீழே பார்க்கும் வரை அந்தரத்தில் நிற்கும். அதைப் போல, விளிம்பைத் தாண்டிய பின்னும் ஒரு சிறு கணம் தாவ அனுமதிப்பதே கயோட்டி நேரம். செலெஸ்ட் விளையாட்டின் கட்டளைத் தொகுப்பில் ஆக்கியோர் வெளியிட்ட பகுதியில் இந்நேரம் 0.1 நொடி என எழுதப்பட்டுள்ளது.

அவர்கள் இதனோடு நிற்கவில்லை. தரையைத் தொடுமுன் சற்று முன்னதாக அழுத்திவிட்டால், அந்த அழுத்தத்தை நினைவில் வைத்திருந்து தரையைத் தொட்டதும் தாவச் செய்தனர். மேலே தாவும்போது தலை ஒரு மூலையில் சில புள்ளி அளவே இடித்தால், பெண்ணைப் பக்கவாட்டில் நகர்த்தி மேலே விட்டனர். வேண்டுவோர் விளையாட்டின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளவும், களைப்பின்றி ஏறவும் வழி வைத்தனர். அவ்வாறு ஆடுபவருக்குக் கதையின் முடிவு மறுக்கப்படுவதில்லை. இத்தனைக்கும் அது மிகக் கடினமான விளையாட்டு. நூற்றுக்கணக்கான முறை விழ நேரிடும். விழுந்த எண்ணிக்கையைக் கண்டு வெட்கப்பட வேண்டாம், அது கற்ற அளவைக் காட்டுவது என்னும் கருத்தை விளையாட்டே ஆடுபவருக்குச் சொல்கிறது.

சலுகையா, நீதியா?

எங்களில் ஒருத்தி ஒரு நல்ல கேள்வி கேட்டாள்: "இது தேர்வில் கூடுதல் மதிப்பெண் போடுவது போல் ஆகாதா? விதி என்றால் எல்லாருக்கும் விதிதானே?"

இதைப் பற்றி வெகுநேரம் பேசினோம். இறுதியில் எங்களுக்குத் தெளிந்தது இதுதான். விசையை அழுத்திய செய்தி கணினிக்குப் போய், கணக்கிடப்பட்டு, படமாகித் திரையில் தெரிவதற்குச் சிறிது நேரம் பிடிக்கிறது. ஆகவே ஆடுபவள் திரையில் காணும் அணில், கணினி கணக்கிட்டு வைத்திருக்கும் அணிலைவிடச் சற்றே பழையது. அந்தப் பழைய படத்தைப் பார்த்துத்தான் அவள் விரல் அசைகிறது. பொறியால் ஏற்பட்ட தாமதத்தை அவள் கணக்கில் எழுதுவது முறையா? மேலும் எங்கள் விளையாட்டு சோதிக்க விரும்பியது, 'இந்தக் கிளையிலிருந்து அந்தக் கிளைக்குத் தாவ முடியுமா, எப்போது தாவுவது' என்னும் துணிவையும் கணிப்பையுமே. முப்பதில் ஒரு பங்கு நொடியைக் கண்ணால் பிரித்தறியும் திறனைச் சோதிப்பது எங்கள் நோக்கமே அன்று. நோக்கத்தில் இல்லாததற்குத் தண்டனை தருவது அநீதி. ஆகவே அந்த 0.1 நொடி நாங்கள் இரங்கிப் போட்ட பிச்சை அன்று, அவளுக்குரிய நீதி.

தடுமாற்றமே சுவையாக அமையும் விளையாட்டுகளும் உண்டு. 2013 குளோபல் கேம் ஜாமில் 48 மணி நேரத்தில் உருவான 'சர்ஜன் சிமுலேட்டர்' அத்தகையது. அதில் அறுவை மருத்துவரின் கைவிரல்களைத் தனித்தனி விசைகளால் அசைக்க வேண்டும், எடுப்பதெல்லாம் நழுவும், எல்லாரும் சிரிப்பர். அங்கே தடுமாற்றம் வேண்டுமென்றே வைக்கப்பட்டது. கை செய்த தவறு கண்முன்னே தெளிவாகத் தெரிகிறது. எங்கள் அணிலிலோ தவறு கண்ணுக்குத் தெரியாமல் நடந்தது. பழி மட்டும் அவள்மேல் விழுந்தது.

செய்த முறை

முயல விரும்பும் தோழியர்க்காக முறையைச் சொல்கிறோம். 'நாழி' என ஒரு மாறியை வைத்தோம். அணில் கிளையைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது நாழி 0. தொடாத ஒவ்வொரு படத்துக்கும் நாழி 1 கூடும். தாவும் விசையை அழுத்தும்போது நாழி 4க்குக் குறைவாக இருந்தால் தாவலாம். இவ்வளவுதான்.

முதல் முயற்சியில் அணில் அந்தரத்திலேயே இரண்டாம் முறையும் தாவியது. தாவி எழுந்த பின்னும் நாழி 4ஐ எட்டச் சில படங்கள் ஆனதே காரணம். தாவிய உடனே நாழியை 10 ஆக்கியதும் அது நின்றது. பிறகு தாராளமாகக் கொடுத்துப் பார்ப்போமே என்று அளவை 9 படங்களாக உயர்த்தினோம். அணில் வெறும் காற்றை உதைத்துத் தாவியது, பார்த்தவர்கள் சிரித்தனர். பழையபடி 3க்கே வந்தோம். கொடுப்பதற்கும் அளவு உண்டு.

நோயும் மருந்தும்

ஆடியவர்கள் சொன்ன கருத்துகளில் பலவற்றை அப்படியே நிறைவேற்றியிருந்தால் விளையாட்டு கெட்டிருக்கும். "கிளைகளைக் கிட்டக் கிட்ட வையுங்க" என்றாள் ஒருத்தி. "பூனையை எடுத்துடுங்க" என்றாள் மற்றொருத்தி. நோயாளி 'இங்கே வலிக்கிறது' என்று சொன்னால் மருத்துவர் அதை முழுவதும் நம்ப வேண்டும். 'இந்த மாத்திரை கொடுங்கள்' என்று சொன்னால் அதை ஆராய வேண்டும். கிளை தொலைவு என்பது அவள் கண்ட மருந்து. தாவல் கைகூடவில்லை என்பது உண்மையான நோய். நோய் தீர்ந்ததும் கிளைகளை ஓர் அங்குலமும் நகர்த்த வேண்டியிருக்கவில்லை.

குறிப்பேட்டிலிருந்து வேறு சில நோய்களும் தெரிந்தன. பழம் பறித்ததற்கு ஒலி மட்டும் வைத்திருந்தோம். எங்கள் கணினி அறையில் பல கணினிகளுக்கு ஒலிபெருக்கி இல்லை. ஆகவே தங்கைகளுக்குப் பறித்தது தெரியவில்லை. பழம் ஒரு கணம் பெரிதாகி மறையுமாறும், எண்ணிக்கை உடனே மாறுமாறும் செய்தோம். நல்ல பழம் பச்சை, அழுகிய பழம் சிவப்பு என நிறத்தால் மட்டும் வேறுபடுத்தியிருந்தோம். இவ்விரு நிறங்களைப் பிரித்தறிய இயலாத கண்களும் உண்டு என்று ஆசிரியை நினைவூட்டினார். அழுகிய பழத்தில் ஒரு புழுவை வரைந்தோம். கண், காது இரண்டுக்கும் பதில் சொல்லும் விளையாட்டே எல்லாரோடும் பேசும் விளையாட்டு.

விதிகளை விளக்க முதல் திரையில் பன்னிரண்டு வரி எழுதியிருந்தோம். எழுவரில் ஒருத்தியும் முழுதும் படிக்கவில்லை. 1985இல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' விளையாட்டின் முதற்கட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சிகேரு மியாமோட்டோவும் அவர் குழுவினரும் அதில் அறிவுரை எதுவும் எழுதவில்லை. மாரியோ திரையின் இடப்புறம் நிற்கிறான், வலப்புறம் வெற்றிடம், ஆகவே வலப்புறம் போகத் தோன்றுகிறது. எதிரே ஒரு பகை வருகிறது, தாவத் தோன்றுகிறது. தாவாமல் நின்றால் விழுவான். ஆனால் தொடங்கிய இடம் அருகிலேயே இருப்பதால் இழப்பு சிறிது. நாங்களும் பன்னிரண்டு வரிகளையும் நீக்கினோம். முதற்கிளைக்கும் இரண்டாம் கிளைக்கும் இடையே பூனையில்லாத ஒரு சிறு இடைவெளி வைத்தோம். விழுந்தாலும் ஏறிவிடலாம். அங்கேயே தாவக் கற்றுக்கொண்டனர்.

மறுநாள்

இரண்டாம் நாள் பிற்பகலில் எல்லாரும் மீண்டும் வந்தனர். அந்தச் சிறிய தங்கை மட்டும் வரவில்லை. நாங்கள் இருவர் அவள் வகுப்புக்குச் சென்று அழைத்தோம். "வேணாங்கா, நான் வேடிக்கை பார்க்கிறேன்" என்றாள். ஒருமுறை மட்டும் என்று கேட்டு அழைத்து வந்தோம்.

முதல் இடைவெளியில் ஒருமுறை விழுந்தாள், ஏறினாள். மூன்றாம் கிளையில் தாவினாள், அணிலும் தாவியது. அதற்கப்பால் நான்கு முறை விழுந்தாள். ஆனால் இம்முறை விழுந்ததும் திரைக்கு இன்னும் அருகில் நகர்ந்து உட்கார்ந்தாள். கடைசியில் கூட்டை அடைந்தாள். திரும்பிப் பார்த்து, "நேத்து நான் சரியா அமுக்கல போல இருக்குக்கா" என்றாள்.

அந்தச் சொல் எங்களைச் சுட்டது. நாங்கள் செய்த மாற்றம் அவளுக்குத் தெரியவில்லை. அது தெரியாமல் இருப்பதே நல்ல வடிவமைப்பு. வலக்கை கொடுத்தது இடக்கைக்குத் தெரியாத தர்மம் போல, விளையாட்டு செய்யும் உதவி மறைந்தே இருக்கலாம். ஆனால் எங்கள் தவறை அவள் தன் தவறாகச் சுமந்து போவதை மறைக்க எங்களுக்கு உரிமை இல்லை. ஆகவே அவளுக்குச் சொன்னோம்: "இல்லைம்மா. நேத்தும் உன் கை சரியாத்தான் இருந்தது. எங்க கணக்குத்தான் தப்பு. நீ சொன்னதாலதான் கண்டுபிடிச்சோம்." எண்களையும் காட்டினோம். சற்று நேரம் திரையைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு, "அப்படின்னா அந்தப் பூனைக்கும் ஏதாவது சாப்பிடக் குடுங்கக்கா, பாவம்" என்றாள். இக்கருத்தை மட்டும் ஆராயாமல் ஏற்றுக்கொண்டோம்.

நீங்களும் செய்து பாருங்கள்

விளையாட்டு மட்டுமன்று, அறிவியல் கண்காட்சிப் பொருள், சுவரொட்டி, நாடகம், ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் சிறுவர்க்குச் சொல்லும் பாடம் ஆகிய எதற்கும் இவை பொருந்தும்.

1. முழுதும் முடித்தபின் காட்டலாம் என்று காத்திராதீர்கள். பாதியில் காட்டினால் திருத்த நேரம் இருக்கும்.
2. உங்களைப் போன்றவரிடம் மட்டும் காட்டாதீர்கள். இளையவரிடமும் முதியவரிடமும் காட்டுங்கள்.
3. அவர்கள் முயலும்போது பேசாதீர்கள். பார்த்து எழுதுங்கள்.
4. 'நன்றாக இருக்கிறதா?' என்று கேட்காதீர்கள். அன்பினால் 'நன்று' என்றுதான் சொல்வார்கள். 'எந்த இடத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை?' என்று கேளுங்கள்.
5. வலி இருக்கும் இடத்தை நம்புங்கள். மருந்தை நீங்கள் ஆராய்ந்து முடிவு செய்யுங்கள்.
6. கருத்து வேறுபட்டால் குரலை உயர்த்தாமல் அளந்து பாருங்கள்.
7. திருத்தியபின் குறை சொன்னவரிடமே மீண்டும் காட்டி, நன்றி கூறுங்கள்.

முடிவுரை

தம்மை இடித்துரைக்கும் துணை இல்லாத மன்னன், பகைவர் எவரும் இல்லாதபோதும் கெடுவான் என்னும் கருத்தைத் திருக்குறள் வகுப்பில் படித்திருக்கிறோம். அன்று அது மன்னர்க்குரிய பாடம் என்று எண்ணினோம். ஐந்து பேர் சேர்ந்து செய்த ஓர் அணிலுக்கும் அது பொருந்தியது. எங்களை இடித்துரைத்தவள் ஆறாம் வகுப்புச் சிறுமி. அவள் குரல் உயர்த்தவும் இல்லை. குறை சொல்வதாக எண்ணவும் இல்லை. 'எனக்கு வராது' என்று தன்னையே குறை சொல்லிக்கொண்டாள்.

தோழியரே! நாளை நம்மில் சிலர் ஆசிரியராவோம், சிலர் செவிலியராவோம், சிலர் அலுவலகங்களில் அமர்ந்து படிவங்கள் தயாரிப்போம், சிலர் துறவு வாழ்வை ஏற்போம், பலர் குடும்பத்தை நடத்துவோம். நம் முன்னே ஒருவர் தலை குனிந்து 'எனக்கு வராது' என்று சொல்லும் நாள் வரும். அப்போது 'இவருக்குத் திறமை இல்லை' என்று முடிவு கட்டுமுன், நாம் செய்து வைத்த கிளையின் விளிம்பை ஒருமுறை அளந்து பார்ப்போம். தவறு நம்முடையதாயின் அதை அவர் தோளிலிருந்து இறக்கி நம் தோளில் ஏற்றுக்கொள்வோம். அதற்கான தாழ்மையை இறைவன் நமக்கு அருள்வாராக!